பத்மாவின் நடுச்சுவர்

போன தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் பத்மா தன் வீட்டுக் கூரையைத் தானே பிரிக்க ஆரம்பித்தாள். நல்ல கூரை. ஒரு சொட்டு ஒழுகாது. பன்னிரண்டு அடி நீளமுள்ள கருங்கல் பலகைகளை ஒன்றையொன்று ஒட்டிப் பரப்பி, மேலே சுண்ணாம்பு கொட்டிய கூரை. அந்தப் பலகைகளைச் சங்கிலிக் கப்பியில் கட்டி, ஒவ்வொன்றாக இறக்கி, முற்றத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தெருவே திரண்டு போய்ச் சந்தில் நின்று வேடிக்கை பார்த்தது. தனியாக இருந்து இருந்து புத்தி கலங்கிவிட்டது, பாவம் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

அவளுக்குப் புத்தி நன்றாகவே இருந்தது. அந்த வீட்டில் எதன் மேல் எது நிற்கிறது என்று எங்கள் தெருவில் தெரிந்திருந்த ஒரே ஆள் அவள்தான். எங்களுக்குத்தான் கண்ணிருந்தும் தெரியவில்லை.

என் பெயர் பரந்தாமன். திருத்தணியில் மலையடிவாரத்துக்குப் போகிற தெருவில் டீக்கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு நேர் எதிரே அந்தக் கல்வீடு. முப்பது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் டீ ஆற்றுகிறேன்.

கட்டியவர் பொதட்டூர்பேட்டையில் தறியை விட்டுவிட்டுத் துணி விற்க வந்த மனிதர். மலைக்கு வருகிறவர்களுக்கு மஞ்சள் வேட்டியும் துண்டும் விற்றே கல்வீடு கட்ட முடிந்த காலம் அது. முன்னால் கடை, பின்னால் வீடு. சுவர் ஒவ்வொன்றும் இரண்டடிக் கனம். கடையின் முகப்பில் இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் குறுக்கே கல் உத்திரம். கதவு கிடையாது. மூடுவதற்குப் பதினொரு மரப்பலகைகள் உண்டு. வாசற்கல்லில் வெட்டிய காடியில் அவற்றை வரிசைப்படி தள்ளிச் சேர்க்க வேண்டும். மே மாதத்தில்கூட உள்ளே ஜில்லென்றிருக்கும். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு வருகிறவர்கள், துண்டு வாங்குகிற சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார்கள்.

கடையின் பின்புறம் ஒரு சுவர். துணி அடுக்குவதற்காக அதில் வரிசையாக மாடங்கள். அதற்கு அந்தப் பக்கம் வீட்டுக் கூடம். இதுதான் நடுச்சுவர். கடைக் கூரையின் கல்பலகைகளுக்கு ஒரு நுனி முகப்பு உத்திரத்தின் மேல், மறு நுனி இந்த நடுச்சுவரின் மேல். கூடத்துக் கூரைப் பலகைகளும் அந்தப் பக்கத்திலிருந்து வந்து இதே சுவரின் மேல்தான் உட்காரும். இவ்வளவு தெரிந்தால் வீடே தெரிந்த மாதிரி. ஆனால் எல்லாரும் முகப்பைப் பார்த்து வாயைப் பிளப்பார்களே தவிர, துணிக்குப் பின்னால் இருக்கிற சுவரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

கட்டியவரின் மகன் ஆறுமுகத்துக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் நாகேந்திரன், இளையவன் குமரவேல். இந்தக் குமரவேல்தான் பத்மாவின் புருஷன். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அவன்தான் கடை. சித்தூர், புத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் தெலுங்கில் குசலம் விசாரித்து, அவர்கள் குழந்தைக்கு மொட்டையடித்தார்களா, காது குத்தினார்களா என்று கேட்டு, துண்டை உதறி மடித்துக் கொடுப்பான். நாகேந்திரனுக்கு வெளி விவகாரம்தான். உற்சவக் கமிட்டி, பஞ்சாயத்து, மைக் பிடிப்பது. ஆறுமுகம் செத்து வருஷம் திரும்பியதும் பாகப்பிரிவினை வந்தது.

எங்கள் பக்கத்தில் பாகம் பிரிக்க ஒரு முறை உண்டு. மூத்தவன் சொத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். தனக்கு எது வரும் என்று தெரியாததால் பிரிக்கிறவன் நியாயமாகப் பிரிப்பான் என்ற நம்பிக்கை. நாகேந்திரனும் நியாயமாகத்தான் பிரித்தான். முன்பக்கத்துக் கடை ஒரு பங்கு, பின்பக்கத்து வீடு ஒரு பங்கு. குமரவேல் கடையைத்தான் எடுப்பான் என்று தெருவுக்கே தெரியும், நாகேந்திரனுக்கும் தெரியும். அதனால் அந்த அயோக்கியன் கல்லையே பொய் சொல்ல வைத்தான்.

பிரிவினைக்கு ஒரு மாதம் முன்னால், முகப்பு உத்திரத்தின் கீழே இரண்டு சவுக்கு மரங்களை முட்டுக் கொடுத்து நிறுத்தினான். அண்ணாந்து பார்த்தால் உத்திரக் கல்லின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. பள்ளிப்பட்டிலிருந்து கந்தன் என்ற மேஸ்திரியை வரவழைத்தான். அவர் கல்லைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தீபாவளி தாங்காதுங்க. உள்ளாற வரைக்கும் விரிசல் உட்டுகினு கீது."

குமரவேலின் ஒரே பெண் மோகனப்ரியாவுக்கு அப்போது ஆறு வயது. எந்நேரமும் கடை வாசற்கல்லின் மேல்தான் விளையாடிக்கொண்டிருப்பாள். குமரவேல் உத்திரத்தைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், பின்பக்கத்தை எடுத்துக்கொண்டான். பத்திரம் பதிவானது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த சின்ன வாசலைக் கல் வைத்து அடைத்தார்கள். அன்றிலிருந்து குமரவேல் பக்கத்துச் சந்து வழியாகத்தான் தன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

பத்திரம் பதிவான இருபது நாளில் சவுக்கு மரங்கள் காணாமல் போயின. தீபாவளி வந்தது, போனது. உத்திரம் அசையவில்லை. "முருகன் தாங்கிகினு கீறான்" என்று நாகேந்திரன் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

குமரவேலைத் தெரு சும்மா விடுமா? நல்ல கல்லைப் பார்த்துப் பயந்து ஓடினவன் என்று சிரித்தது. 'விரிசல்' என்று அவனுக்குப் பெயரும் வந்தது. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். டீ குடிக்கிற நாலு பேர் சிரிக்கட்டுமே என்று வைத்தேன், நாலே நாளில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. "விரிசலுக்கு ஒரு ஸ்ட்ராங்" என்று அவன் முகத்துக்கு நேராகவே கூவியிருக்கிறேன். அவனும் சிரித்துக்கொண்டே கிளாஸை வாங்கிக்கொள்வான்.

என் கடை ஓரத்தில் ஒரு தள்ளுவண்டி போட்டுத் துண்டு விற்றான். எதிரே அவன் கடை, அதில் அவன் அண்ணன். பழைய வாடிக்கைக்காரர்கள் இவனைத் தாண்டிக் கல்வீட்டுக்கே போனார்கள். அவர்களுக்கு ஆளைவிட இடம்தான் பழக்கம். அப்புறம் குடி ஆரம்பித்தது. ஐந்தாம் வருஷம் மஞ்சள் காமாலை வந்து செத்துப்போனான். சாகிற வாரத்தில்கூடப் பத்மாவிடம், "எல்லாம் என் அவசரபுத்தி, நான்தான் கெடுத்துட்டேன்" என்று சொன்னானாம். தன்னை ஏமாற்றினார்கள் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

பத்மா தறி வைத்திருந்த குடும்பத்துப் பெண். வெயிலில் நின்று பழக்கமில்லை. புருஷன் செத்த மூன்றாம் மாதம் சித்தாள் வேலைக்குப் போனாள். முதல் வாரம் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் பாதியில் நின்று அழுதாளாம். அப்புறம் அழவில்லை, கேள்வி கேட்க ஆரம்பித்தாள். இந்தத் தூண் எதுக்கு, இந்தச் சுவத்த எடுத்தா எது விழும், கம்பிய ஏன் இங்க வளைக்கிறீங்க என்று மேஸ்திரிகளைத் துளைத்து எடுத்துவிடுவாள். திருவள்ளூரிலும் மணவூரிலும் அரக்கோணத்திலும் எத்தனையோ கட்டடங்கள் அவள் தலைமேல் ஏறி வந்தவைதான். புது வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் தரையையும் டைல்ஸையும் பார்ப்பார்கள், பத்மா கூரை சுவரைத் தொடுகிற மூலையைப் பார்ப்பாள். அந்தச் சம்பாத்தியத்தில்தான் மகளை வேலூரில் நர்சிங் சேர்த்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாகேந்திரனுக்கு ஷோரூம் ஆசை வந்தது. தூண்கள் மறைக்கிறதாம், கண்ணாடி போட முடியவில்லையாம். சென்னைக் கடற்கரைப் பக்கம் பழைய காலத்து மாளிகை மாதிரி ஓட்டல் கட்டுகிற யாரோ வந்து தூண்களையும் உத்திரத்தையும் பதினொரு பலகைகளையும் வாங்கிக்கொண்டார்கள். முகப்பில் உத்திரத்துக்குப் பதில் ஒரு இரும்பு கர்டரை ஏற்றி, கடைப் பலகைகளின் முன் நுனியை அதன் மேல் உட்கார வைத்து, கீழே பளபளவென்று கண்ணாடி மாட்டினான். எதற்கும் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. கமிட்டித் தலைவரை யார் கேட்பது?

லாரியில் ஏற்றுவதற்காகக் கற்களைத் தெருவில் இறக்கி வைத்திருந்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்த பத்மா முகப்பு உத்திரத்தின் பக்கத்தில் நின்றாள். அந்தக் கறுப்புக் கோட்டை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். முந்தானையில் கரி ஒட்டியது. கோடு வெளுத்துவிட்டது. பையிலிருந்து சுத்தியலை எடுத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு, கோட்டின் மேலேயே ஒரு தட்டு. மூன்றும் கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்டன. உடைந்த கல்லைத் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும் என்று கட்டட வேலைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். இது முழுக் கல். அந்தக் கோடு கல்லோடு பிறந்த ரேகை.

சத்தம் கேட்டு நாகேந்திரன் வெளியே வந்தான். "அடடே, விரிசல் இல்லியா? நானும் இத்தினி நாளா விரிசல்னுதான் நெனச்சிகினு இருந்தேன்" என்றான். பத்மா சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டு சந்துக்குள் போய்விட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் பள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறினாள். கந்தன் மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது, ஆனால் எல்லாம் ஞாபகமிருந்தது. இவள் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாராம்.

"வெளக்குக் கரியையும் எண்ணையையும் கொழச்சிப் பூசினது உங்க பாவா நாகேந்திரன்தாம்மா. ரேகைன்னு நான் அப்பவே அவர்கிட்ட சொன்னேன். தெரியும், நீ விரிசல்னு சொல்லுன்னாரு. சொல்லிட்டேன். ஆனா சாட்சி கீட்சின்னு கூப்டாதம்மா, பேரப்புள்ளைங்க இருக்குது."

"சாட்சி சொல்ல வாணாம்ணா. ஒரு நாளு கூப்புடுவேன். கடப்பாறை எடுத்துகினு வாங்க."

திரும்பி வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். எதிரே போய் அவனை நாலு சாத்து சாத்திவிட்டு வரட்டுமா என்று குதித்தேன்.

"அடிச்சா ஒரு நாளு வலிக்கும்ணா" என்றாள். "என் ஊட்டுக்காரருக்கு எத்தினி நாளு வலிச்சிது?"

அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. துக்கம் இல்லை, கோபம்கூட இல்லை. கடையில் சாமான் வாங்க வந்தவள் என்ன வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்ட முகம்.

வீட்டுக்குப் போய்ப் பாகப்பத்திரத்தை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிரிவினை நடந்த வருஷம் நடுச்சுவரில் மேலேயிருந்து ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பழுது பார்க்கிற தொல்லை தன் தலையில் விழக்கூடாது என்று நாகேந்திரன் தானே வாய்மொழியாகச் சொல்லி ஒரு வரி எழுத வைத்திருந்தான்: 'நடுச்சுவர் முழுவதும் பின்பாகத்தைச் சேர்ந்தது. அதன் மேல் முன்பாகத்தாருக்கு யாதொரு பாத்தியமும் பொறுப்பும் இல்லை.' அந்த வரியை அவள் என்னிடம் நாலைந்து தடவை படித்துக் காட்டினாள், எதற்கென்று எனக்குப் புரியவில்லை. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அந்தச் சுவரின் மேல் உள்ளங்கையை வைத்து நிற்பாளாம். அந்தப் பக்கம் நாகேந்திரன் சாமி படத்துக்கு மணி ஆட்டுவது கேட்குமாம். ஆட்டட்டும், ஆட்டட்டும் என்று நினைத்துக்கொள்வாளாம்.

உடனே எதுவும் செய்யவில்லை. மகள் படிப்பு முடிகிற வருஷம் வரட்டும் என்று காத்திருந்தாள். போன கார்த்திகையில் வக்கீல் மூலம் ஒரு பதிவுத் தபால் அனுப்பினாள். என் சுவரை நான் இடிக்கப் போகிறேன், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் உங்கள் கூரைக்கு அறுபது நாளில் வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று தெளிவாக எழுதியிருந்தது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. பதிவுத் தபால் எதுவானாலும் கையெழுத்துப் போட்டு வாங்கக்கூடாது என்பது நாகேந்திரனின் சட்டம். வாங்கினால்தானே பதில் சொல்ல வேண்டும்? கமிட்டித் தகராறுகளில் அவன் கற்றுக்கொண்ட சாமர்த்தியம் அது. தபால்காரரிடம், "ஆள் இல்லன்னு எழுதிக்கோ" என்று என் கண்ணெதிரிலேயே சொன்னான். இரண்டாவது தபாலும் அப்படியே திரும்பியது. வாங்க மறுத்தாலும் கொடுத்த மாதிரிதான் என்று வக்கீல் பத்மாவிடம் சொல்லிவிட்டார்.

அந்த அறுபது நாளில் தன் பக்கம் நாலு தூண் எழுப்பியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

அறுபத்தோராம் நாள்தான் நான் முதலில் சொன்ன அந்தத் திங்கட்கிழமை. நடுச்சுவரை எடுக்க வேண்டுமென்றால் அதன் மேல் கிடக்கிற தன் கூடத்துக் கூரையை முதலில் இறக்கியாக வேண்டும். அவளுக்கு அது தெரியும். கூடம் போனால் மிஞ்சுவது பின்னால் ஒரு சமையலறையும் ஒரு சின்ன அறையும்தான். அதுவும் தெரியும். மோகனப்ரியா வேலூரிலிருந்து போனில் அழுதாள். "நீ படிப்ப முடி. எனக்குப் படுக்க ஆறடி இருக்குது" என்று சொல்லிப் பத்மா போனை வைத்துவிட்டாள்.

நாகேந்திரன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை ஏதோ வேலையாக வந்த அவனுடைய கட்டட கான்டிராக்டர் சந்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டமாகக் கடைக்குள் போனார். உள்ளே என்ன பேசினார்களோ, நாகேந்திரன் செருப்புக்கூடப் போடாமல் வெளியே வந்தான். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சந்துக்குள் நுழைந்தான். கூட்டத்தோடு நானும் போனேன்.

"இன்னாம்மா பத்மா இது? என் கூரை உன் சுவத்து மேல கீதும்மா!"

"ஆங் பாவா. தெரியும்."

"உள்ள மனுசங்க கீறாங்க. லட்ச லட்சமா சரக்கு கீது. இடிச்சின்னா மொத்தமும் உயுந்துடும்."

"ரெண்டு தபால் போட்டனே பாவா. படிக்கலியா?"

நாகேந்திரன் முட்டுக் கொடுக்கலாமா என்று கான்டிராக்டரைப் பார்த்தான். ஒவ்வொரு பலகையும் முக்கால் டன், சுவர் சரிகிற அதிர்ச்சியில் எந்த முட்டும் நிற்காது, அதன் கீழே போய் நிற்க ஆளும் வரமாட்டான் என்று அவர் கையை விரித்தார். கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஒரு வக்கீலைப் பார்த்தான். அனுமதியில்லாமல் தூணை எடுத்து முகப்பை மாற்றிய கதை அங்கே வெளியே வந்தால் முதலில் உங்கள் கடைக்குத்தான் சீல் வைப்பார்கள், அதோடு சுவர் அவளுடையது என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் மறுபடி வந்தான். வேறு வீடு பார்த்துத் தருகிறேன் என்றான். மோகனப்ரியா கல்யாணம் என் பொறுப்பு என்றான். கடைசியில் கடையில் பாதியை எழுதித் தருகிறேன் என்றுகூடச் சொன்னான். பத்மா கல்பலகையின் மேல் உட்கார்ந்து கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கடை வாணாம் பாவா. தெருவுல நின்னு நாலு பேரு முன்னாடி சொல்லுங்க. அது விரிசல் இல்லன்னு தெரிஞ்சேதான் கரி பூசினேன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் பேசலாம்."

"மானம் போயிடும்மா!"

"அவருக்குப் போச்சே."

இரண்டு நாள் யோசித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடை வாசலில் வந்து நின்றான். செய்தி பரவி முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். பத்மா கந்தன் மேஸ்திரியையும் வரச்சொல்லியிருந்தாள். அவர் கடப்பாறையை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றார். நாகேந்திரன் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல பாவா. டீக்கடை வரைக்கும் கேக்கணும்."

அவன் நிமிர்ந்தான். மைக் பிடித்துப் பழகிய குரல், உடைந்து வந்தது. "அது விரிசல் இல்ல. ரேகை. எனக்குத் தெரியும். நான்தான் கரியும் எண்ணையும் பூசி என் தம்பிய ஏமாத்தினேன்."

பத்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தோள் ஒரு தடவை இறங்கி ஏறியது. பத்து வருஷத்தில் அன்றுதான் அவள் முகம் ஒரு புருஷனை இழந்த பொம்பளையின் முகமாக இருந்தது. கண்ணைத் திறந்து கந்தன் மேஸ்திரியைப் பார்த்து, போகலாம் என்கிற மாதிரி தலையை அசைக்கப் போனாள். அந்த இடத்தில் முடிந்திருந்தால் சுவர் இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கும். நான் சத்தியம் செய்வேன்.

அப்போதுதான் கூட்டத்தில் ஒருவன் வாயைத் திறந்தான். "அடங்கொப்பா! அப்போ நம்ம விரிசலு வெளக்குக் கரியப் பாத்தா பயந்து ஓடினான்?"

முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் பத்துப் பேர். அப்புறம் எல்லாரும். நானும் சிரித்தேன். யோசித்துச் சிரிக்கவில்லை. அந்தப் பெயர் காதில் விழுந்ததும், பழைய பழக்கத்தில் சிரிப்பு தானாக வந்துவிட்டது.

பத்மா நாகேந்திரனைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்னிடம் வந்தபோது என் சிரிப்பு இன்னும் முடிந்திருக்கவில்லை.

"பாவா," என்றாள், எங்கள் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "சாமான எடுத்துக்குங்க. செவ்வாக்கெழம சுவரு உயும்."

"சொன்னா உட்டுடறேன்னியே!"

"பேசலாம்னுதான் சொன்னேன். பேசியாச்சு."

நாகேந்திரன் அவள் காலில் விழப் போனான். அவள் தள்ளி நின்றுகொண்டாள். திங்கட்கிழமை முழுக்க ஆட்டோவிலும் குட்டியானை லாரியிலும் சரக்கை ஏற்றினார்கள். யாரும் அவனுக்கு உதவிக்குப் போகவில்லை, யாரும் பத்மாவைத் தடுக்கவும் போகவில்லை. எங்களுக்கு இரண்டுக்குமே யோக்கியதை கிடையாது.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குத் தெருவின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஆட்களை நிறுத்தினாள். கடைக்குள் ஆள் இல்லை என்பதைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சந்துக்குள் இயந்திரம் வராது. ஆகவே கந்தன் மேஸ்திரி சுவரின் அடிக்கற்களை மூன்று இடத்தில் நெம்பி எடுத்துவிட்டு வெளியே வந்தார். முற்றத்திலிருந்து, சுவரில் மாட்டிய சங்கிலிக் கப்பியை முதலில் இழுத்தவள் பத்மா. ஆறு பேர் சேர்ந்து இழுத்தார்கள். சுவர் கொஞ்ச நேரம் வரவே இல்லை. அப்புறம் மாடங்களின் வரிசையில் மடங்கிக் கூடத்துப் பக்கமாகச் சாய்ந்தது. கடைக் கூரையின் கல்பலகைகள் பின்நுனியின் தாங்கலை இழந்து ஒவ்வொன்றாக இறங்கின. கர்டர் முறுக்கிக்கொண்டது. கண்ணாடி மொத்தமும் தெருவில் கொட்டியது. என் பாய்லர்வரை தூசி வந்து மூடியது.

தூசி அடங்கியபோது எதிரே ஒரு கல்மேடு இருந்தது. அதைத் தாண்டி முதல் தடவையாகப் பத்மாவின் முற்றம் என் கடையிலிருந்து தெரிந்தது.

நாகேந்திரன் என் கடை ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். அவனைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கிழவன் நடுத்தெருவில் அழுவதை எவ்வளவு நேரம் பார்ப்பது?

பத்மா சந்து வழியாக வரவில்லை. விழுந்த கற்களின் மேலேயே ஏறி நேராகத் தெருவுக்கு வந்தாள். தலைமுடியெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு. நான் ஒரு டீயை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போனேன்.

"போதும் பத்மா. அவனும் அழுதுட்டான். உட்டுடும்மா."

அவள் டீயை வாங்கவில்லை.

"இங்க டீ குடிச்சிட்டு வந்துதான் அவரு தெனம் அழுவாருண்ணா. அஞ்சு வருசம். உங்க பெஞ்சுலேர்ந்து எழுந்து நேரா ஊட்டுக்கு வந்து, அந்தச் சுவத்துல சாஞ்சி உக்காந்து அழுவாரு. அப்போ ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீங்க யாருகிட்டயாவது போதும்னு சொன்னீங்களா?"

அவன் எப்போதும் சிரித்துக்கொண்டுதானே போவான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இடுப்பிலிருந்த துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, தெருவை மறித்துக் கிடந்த கற்களை ஓரமாக எடுத்துப் போடப் போனாள். நான் அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.